மலைக்கு ஒரு மனு

எவரெஸ்ட் ஏற நேபாள அரசுக்குக் கட்டவேண்டிய தொகை இப்போது தலைக்கு 15,000 டாலர். 2025 செப்டம்பரிலிருந்து இந்த விலை. அதற்கு முன் பத்து வருஷமாக 11,000 டாலராக இருந்தது. எல்லோரும் ஏறுகிற தென்கிழக்கு வழிக்கு, அதுவும் வசந்த காலத்துக்குத்தான் முழு விலை. இலையுதிர் காலத்தில் போனால் பாதி. பனிக்காலத்திலும் மழைக்காலத்திலும் கால்வாசி, 3,750 டாலர். ஆடித் தள்ளுபடி தி.நகர் ஜவுளிக்கடைகளின் தனிச்சொத்து என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செய்தியைப் படித்தவர்களெல்லாம் தொகையைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். எனக்கு ஆச்சரியம் வேறு இடத்தில். பணம் கட்டினால் பர்மிட் கொடுத்துவிடுகிறார்களாமே!

1980களில் நான் காட்மாண்டுவில் ஒரு மலையேற்ற ஏஜென்சியில் டைப்பிஸ்ட். மாயவரத்தில் டைப்பிங் ஹையர் பாஸ் செய்து, டில்லி கரோல்பாகில் மெஸ் சாப்பாடு சாப்பிட்டு, "நேபாளத்தில் ஓர் ஆபீஸுக்கு இங்கிலீஷ் கடிதம் எழுத மதராசி ஒருத்தன் வேண்டுமாம்" என்று யாரோ சொன்னதும் பெட்டியைக் கட்டியவன். இந்தியனுக்கு நேபாளம் போகப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். ரக்ஸௌல் வரை ரயில், எல்லையைத் தாண்டி பஸ், அவ்வளவுதான். எந்தக் காகிதமும் இல்லாமல் போய் இறங்கியவனுக்கு, இறங்கிய நாள் முதல் அடுத்தவனுக்குக் காகிதம் தயாரிப்பதே பிழைப்பாகிவிட்டது.

மலைமேல் எனக்குத் தனிப்பட்ட ஆசை எதுவும் கிடையாது. சுவயம்புநாத் கோயில் படிகளையே நடுவில் இரண்டு தரம் உட்கார்ந்துதான் ஏறுவேன். ஆனால் இமயத்தின் பெரிய சிகரங்களில் முக்கால்வாசியை ரெமிங்டனில் தட்டி, கார்பன் வைத்து நகல் எடுத்திருக்கிறேன். எவரெஸ்டை விடத் தவளகிரிக்கு விரல் அதிகம் வலிக்கும். ஆங்கிலத்தில் எழுத்து கூடுதல்.

அந்தக் காலத்து வேதம் ஒரு மெலிந்த புத்தகம்: மலையேற்றப் பயண விதிகள், 2036. விக்ரம் சம்வத் கணக்கு. நம் கணக்கில் 1979. அதன்படி நாங்கள் நடந்தோம், எங்கள்படி வெள்ளைக்காரர்கள் நடந்தார்கள். ஒரு சிகரத்தில் ஒரு வழிக்கு ஒரு பருவத்தில் ஒரு குழு. இரண்டாவது குழு வந்தால் வேறு வழி, அல்லது வேறு பருவம், அல்லது வேறு வருஷம். எவரெஸ்டுக்கு வருஷக்கணக்கில் முன்பதிவு நிறைந்து கிடக்கும். கட்டணம் குழுவுக்குத்தானே தவிர தலைக்கு இல்லை. அதைப் பற்றி யாரும் பேசியதாகவே நினைவில்லை. பேச்செல்லாம் வருஷத்தைப் பற்றித்தான். "என்ன விலை?" என்று யாரும் கேட்கமாட்டார்கள், "எந்த வருஷம்?" என்பார்கள். தன் பெயரில் வருஷம் கிடைக்காதவர்கள் கிடைத்தவர்களோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. பிரிட்டனின் கிறிஸ் பானிங்டன் மலையேறி உலகப்புகழ் பெற்றவர். அவர் கடைசியில் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டது 1985இல், ஐம்பது வயதில், நார்வேக்காரர்கள் குழுவில் ஒருவராக.

மனுவோடு அந்தந்த நாட்டு மலையேற்றச் சங்கத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். "இவர் எங்களுக்குத் தெரிந்தவர், மலை தெரிந்தவர்" என்று யாராவது பொறுப்பான மனிதர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அப்புறம் ஒவ்வொருவரின் போட்டோ, வயது, முன்பு ஏறிய சிகரங்கள். மனு போட்ட வருஷத்துக்கும் மலை கிடைத்த வருஷத்துக்கும் நடுவில் பெயர்ப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். ஒருத்தருக்கு வேலை போயிருக்கும், ஒருத்தருக்கு மனைவி போயிருப்பாள், ஒருத்தர் வேறொரு மலையில் போயே போயிருப்பார். மூன்றுக்கும் ஒரே திருத்த மனுதான். "மேற்படி நபர் வர இயலாத காரணத்தால்" என்று ஆரம்பித்து அடிப்பேன். காரணம் என்ன என்று விதிப்புத்தகம் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்த வேலை வழி போடுவது. ஏறப்போகும் வழியை மலையின் போட்டோவில் கோடு போட்டுக் காட்டவேண்டும். பர்மிட் அந்தக் கோட்டுக்குத்தான், மலைக்கு இல்லை. கோட்டை விட்டு விலகி ஏறினால் குற்றம். ஐரோப்பாவிலிருந்து வரும் போட்டோவில் பென்சில் கோடு மங்கியிருக்கும். ஆகவே காவிரிப் படுகையில் பிறந்து, ரயில்வே மேம்பாலத்தைத் தவிர வேறு மேடு பார்க்காத நான், சிவப்பு பால்பாயின்ட் பேனாவால் லோட்ஸே முகப்பில் அழுத்திக் கோடு இழுப்பேன். ஒருமுறை சர்க்கார் ஆபீஸில் டாக்கா தொப்பி போட்ட ஒரு சுப்பா, நம்மூர் ஹெட்கிளார்க் மாதிரி, அந்தக் கோட்டை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இங்கே ஏன் வளைகிறது?" என்றார்.

"பாறை இருக்கிறது ஹாகிம் சாப்."

"நேராகப் போனால்?"

"கஷ்டம்."

"கஷ்டம்தான். ஆனால் விளக்கக் கடிதம் தேவையிருக்காது."

வளைவுக்கு விளக்கக் கடிதம் அடித்துக்கொடுத்தேன். சியா வந்தது, அவர்கள் ஊர் டீ. சீல் விழுந்தது.

அனுமதிக் கடிதம் ஸ்ரீ 5 சர்க்காரின், அதாவது மன்னர் அரசின், பெயரால் வரும், நேபாளித் தேதியோடு. 1984இல் வந்த ஒரு ஜெர்மன் குழுத்தலைவர் கடிதத்தில் 2041 என்று பார்த்து முகம் வெளிறி உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நீண்ட வரிசை என்று நம்பும்படியாகத்தான் நிலைமை இருந்தது.

ஒவ்வொரு குழுவுடனும் அரசு ஒரு தொடர்பு அதிகாரியை அனுப்பும். விதிகள் மீறப்படுகின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. போலீஸாக இருக்கலாம், ராணுவமாக இருக்கலாம், சம்பந்தமே இல்லாத ஏதோ ஓர் இலாகாவின் அதிகாரியாகவும் இருக்கலாம். அவருக்குத் தலை முதல் கால் வரை உடுப்பைக் குழுதான் தரவேண்டும். இறகு ஜாக்கெட், தூக்கப்பை, பனிக்கண்ணாடி, பூட்ஸ் என்று பட்டியலே உண்டு. பூட்ஸ் அளவு எடுக்க ஒருவர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். பெயரும் வேண்டாம், இலாகாவும் வேண்டாம். காலைக் காகிதத்தில் வைக்கச் சொல்லி நானே பென்சிலால் சுற்றி வரைந்தேன். ஏழாம் நம்பர் கால்.

"ஒன்பது என்று எழுதுங்கள்" என்றார்.

"தொளதொளவென்று இருக்குமே, ஹாகிம் சாப்?"

"மேலே குளிர். இரண்டு ஜோடி காலுறை போடுவேன்."

வழியிலிருக்கும் நாம்சே பஜார் வரை போனார். அங்கே லேக் பிடித்துக்கொண்டது. உயரத்தில் தலையைப் பிளக்குமே, அந்த வலி. விதிகளை மலையிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். அடுத்த மாதம் காட்மாண்டு தமேலில் ஒரு கடை வாசலில் புத்தம்புது ஒன்பதாம் நம்பர் பூட்ஸ் தொங்கியது. எங்கள் முதலாளி சாஹுஜி அதை விலைக்கு வாங்கி, அடுத்து வந்த அதிகாரிக்குக் கொடுத்தார். அவருக்குச் சரியாக இருந்தது.

உச்சியைத் தொட்ட செய்தியை முதலில் அரசிடம் சொல்லிவிட்டுத்தான் உலகத்திடம் சொல்லவேண்டும் என்றும் விதி இருந்தது. எல்லோரும் நிஜமாகப் பயந்தது அரசுக்கு இல்லை, எலிசபெத் ஹாலி அம்மாளுக்கு. அமெரிக்கப் பத்திரிகையாளர். 1960இல் காட்மாண்டு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். மலையேறியதே கிடையாது, இந்த விஷயத்தில் என் கட்சி. ஏறப்போகும் குழு ஹோட்டலில் பெட்டியை இறக்கி முடிப்பதற்குள் அவருடைய நீல வோக்ஸ்வாகன் பீட்டில் வாசலில் நிற்கும். யார், எந்த வழி, எத்தனை முகாம். திரும்பி வந்ததும் எத்தனை மணிக்கு உச்சி, என்ன தெரிந்தது, யார் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்கெல்லாம் சட்டத்தில் எந்த அதிகாரமும் கிடையாது. ஆனாலும் தாடி வளர்த்த பெரிய மனிதர்கள் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். அரசு கொடுத்தது ஏறுவதற்கு அனுமதி; ஏறினீர்கள் என்று உலகம் நம்புவதற்கான அனுமதி அவரிடம் இருந்தது. 2018இல், 94 வயதில் போனார். அவர் சேர்த்த குறிப்புகள்தான் இன்றைக்கும் இமயமலைத் தரவுத்தளம்.

எங்கள் காலமே கெடுபிடி என்று நினைத்தால், அதற்கு முந்தியது இன்னும் மோசம். 1921இல் முதல் பிரிட்டிஷ் குழு எவரெஸ்ட் பக்கம் போனது திபெத் வழியாக. நேபாளம் கதவைத் திறக்கவில்லை. சார்லஸ் பெல் என்கிற அதிகாரி லாசாவில் பேசி, பதின்மூன்றாம் தலாய் லாமாவின் சம்மதத்தை வாங்கினார். பணத்தால் வாங்கிய பர்மிட் இல்லை, பரிச்சயத்தால் வாங்கியது. ஆகவே பரிச்சயம் கெட்டதும் பர்மிட்டும் கெட்டது. 1924 பயணத்தைப் பற்றிய சினிமாவுக்கு விளம்பரமாக லாமாக்களை லண்டனுக்குக் கூட்டிப்போய் மேடையில் ஆடவிட்டார்கள். லாசாவுக்குக் கோபம் வந்தது. அடுத்த குழு போக 1933 ஆயிற்று. 1924 பயணத்தில் காணாமல்போன மல்லோரியைத் தேடிப் போகவேண்டும் என்று துடித்தவர்களும் ஒரு நாட்டியக் கச்சேரிக்காகக் காத்திருந்தார்கள்.

நேபாளம் திறந்தபிறகு வருஷத்துக்கு ஒரு நாடு என்று முறை வைத்தார்கள். 1952 சுவிஸ். அந்த வருஷம் தங்களுடையது என்பதால் வசந்தத்தில் ஒருமுறை, மழைக்குப்பின் ஒருமுறை என்று அவர்கள் இரண்டுமுறை முட்டிப் பார்த்தார்கள். 1953 பிரிட்டன். 1954 பிரான்ஸுக்கு என்று எழுதிவைத்தாகிவிட்டது. மே 29ஆம் தேதி ஹில்லாரியும் டென்சிங்கும் உச்சியில் நின்றதில் வீரம் எவ்வளவு, வரிசை எண் எவ்வளவு என்று பிரெஞ்சுக்காரர்கள் யாராவது கணக்குப் போட்டிருப்பார்கள். பிறகு 1965இல் எல்லை அரசியலால் கதவு சாத்தப்பட்டு 1969இல்தான் மறுபடி திறந்தது.

அந்தக் காலத்தில் எனக்கு மிகவும் மரியாதை தோன்றுவது கஞ்சன்ஜங்கா விவகாரத்தில். 1955இல் சார்லஸ் எவன்ஸ் குழு நேபாளத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போனது. ஆனால் சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம். உச்சியை மிதிக்கமாட்டோம் என்று சிக்கிம் அரசருக்கு வாக்குக் கொடுத்தார்கள். ஜார்ஜ் பாண்டும் ஜோ பிரௌனும் மே 25ஆம் தேதி உச்சிக்குச் சில அடி கீழே நின்று, திரும்பி இறங்கினார்கள். அங்கே தொடர்பு அதிகாரி யாரும் இல்லை. இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் கேட்க நாதியில்லை. வைக்கவில்லை. பின்னால் வந்த பலரும் அப்படியே நின்றார்கள். என் தட்டச்சுக்கு அதில் வேலையே இல்லை என்றாலும், நான் பார்த்த பர்மிட்டுகளைவிட அது உறுதியான பர்மிட்.

மாறியது 1990களில். 1992 மே மாதம் ஒரே நாளில் 32 பேர் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். கூட்டம் அதிகம் என்று சொல்லி, 1993இல் ஐந்து பேருக்கு 50,000 டாலர் என்று கட்டணத்தைத் தூக்கினார்கள். 1996இல் ஏழு பேருக்கு 70,000. கூட்டத்தைக் குறைக்க விலையை ஏற்றினார்கள். கூட்டம் அதைத் தரச்சான்றிதழாக எடுத்துக்கொண்டது. வருஷம் கேட்டவர்கள் போய், விலை கேட்பவர்கள் வந்தார்கள். சங்கத்தின் சிபாரிசுக் கடிதத்துக்குப் பதில் பாங்க் ரசீது. நானும் அந்தச் சமயத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நங்கநல்லூர் வந்து சேர்ந்தேன். எனக்குப் பதில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள் என்று கேள்வி.

சாஹுஜி காலமாகிவிட்டார். அவர் மகன்தான் இப்போது ஏஜென்சியை நடத்துகிறான். என் மடியில் உட்கார்ந்து டைப்ரைட்டர் மணியை அடித்து விளையாடியவன். வாட்ஸாப்பில் அவ்வப்போது பேசுவான். போன வருஷம் அவனிடம் இப்போதைய நடைமுறையைக் கேட்டேன்.

"ரொம்ப சுலபம், அங்கிள்" என்று ஆரம்பித்தவன் மூச்சு விடாமல் அடுக்கினான். சிகரத்துக்கு அனுமதி, தேசியப் பூங்காவுக்கு அனுமதி, உள்ளூர் ஊராட்சிக்குக் கட்டணம், டிரோன் பறக்கவிட அனுமதி, சினிமா எடுக்க அனுமதி, மருத்துவச் சான்று. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் என்றால் இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி கட்டாயம். பர்மிட் 75 நாளுக்கு இருந்தது, இப்போது 55. உடம்பில் இடம் காட்டும் சில்லு. 2014இல் வந்த விதிப்படி ஒவ்வொருவரும் எட்டுக் கிலோ குப்பையைக் கீழே கொண்டுவரவேண்டும். 2024இலிருந்து மலம் கழிக்கவும் பை வாங்கிக்கொண்டு மேலே போய், நிரப்பிக் கீழே கொண்டுவரவேண்டும்.

"தொடர்பு அதிகாரி?"

"இருக்கிறார். பூட்ஸ் இல்லை, பணமாகவே கொடுத்துவிடுகிறோம்."

அவன் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று உறைத்தது. நான் அடித்த மனுவில் முக்கால் பாகம் "நீ யார், உனக்கு என்ன தெரியும்?" என்ற கேள்விக்குப் பதில். இப்போதைய மனுவில் முக்கால் பாகம் "நீ எதையெல்லாம் அங்கே போட்டுவிட்டு வரப்போகிறாய்?" என்ற கேள்விக்குப் பதில். நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. முன்னால் ஒரு 7,000 மீட்டர் சிகரமாவது ஏறியிருக்கவேண்டும் என்று சட்டம் கொண்டுவரப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு என் கார்பன் காப்பிகள் ஞாபகம் வந்தன.

2019 மே மாதம் எவரெஸ்ட் உச்சிக்குக் கீழே கயிற்றில் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு மனிதர்கள் நின்ற போட்டோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த வசந்தத்தில் 381 பர்மிட். 2023இல் 478. முன்பு வரிசை எங்கள் ஃபைலில் இருந்தது. சீசன் தவறினால் அடுத்த வருஷம், அதற்குள் யாரும் மூச்சு முட்டிச் சாகமாட்டார்கள். அந்த வரிசையை ஒழித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒழியவில்லை, எட்டாயிரத்துச் சொச்சம் மீட்டருக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. அங்கே சியா கிடைக்காது.

திருட்டுத்தனமும் மாறிவிட்டது. 1934இல் மாரிஸ் வில்சன் என்கிற பிரிட்டிஷ்காரர், அனுமதி மறுத்தார்கள் என்பதற்காக வேஷம் போட்டுக்கொண்டு திபெத்துக்குள் நுழைந்து, தனியாக எவரெஸ்ட் ஏறப் போய் அங்கேயே இறந்தார். 1947இல் ஏர்ல் டென்மன் அதேபோல் கள்ளத்தனமாகப் போனார். கூடப்போன இருவரில் ஒருவர் டென்சிங். ஆறு வருஷம் கழித்து முறையான காகிதத்தோடு உச்சி தொட்ட அதே டென்சிங்தான். பின்னாளில் இந்தப் பழைய மரபைக் காப்பாற்றியவர் 2017இல் பேஸ்கேம்ப் பக்கம் ஒரு குகையில் ஒளிந்திருந்து பிடிபட்ட தென்னாப்பிரிக்கர். 22,000 டாலர் அபராதம். அன்றைய கட்டணம்போல் சரியாக இரண்டு பங்கு.

புது மரபு நேர் எதிர். 2016இல் இந்தியாவைச் சேர்ந்த போலீஸ் தம்பதி ஒழுங்காகப் பணம் கட்டி, ஒழுங்காகப் பர்மிட் வாங்கினார்கள். உச்சிக்கு மட்டும் போகவில்லை. அடுத்தவர் போட்டோவில் தங்கள் கொடியை ஒட்டிச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்து சான்றிதழ் ரத்தாகி, நேபாள மலைகளில் பத்து வருஷம் ஏறத் தடை. ஏறாதவர்களுக்கு ஏறக்கூடாது என்று தண்டனை! அன்று பர்மிட் இல்லாமல் ஏறினார்கள், இன்று பர்மிட் வாங்கி ஏறாமல் இருக்கிறார்கள். ஹாலி அம்மாள் இன்னும் பத்து வயது குறைந்தவராக இருந்திருந்தால் ஹோட்டல் வாசலிலேயே முடிந்திருக்கும் கதை.

எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காத மலைகளும் இருக்கின்றன. பொக்காராவில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் நிற்கும் மச்சபுச்சரே அதில் ஒன்று. 1957இல் ஒரு பிரிட்டிஷ் குழு உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரை போய்த் திரும்பியது. அதோடு சரி, அப்புறம் யாருக்கும் அனுமதி இல்லை. பூட்டானில் 7,570 மீட்டர் கங்கர் புயென்சும். ஆறாயிரம் மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்று 1994இல் சொன்னார்கள், 2003இல் மலையேற்றமே வேண்டாம் என்றார்கள். ஏறப்படாத சிகரங்களில் அதுதான் உயரமானது என்கிறார்கள். தெய்வம் குடியிருக்கிறது என்ற ஒற்றைக் காரணத்துக்கு விளக்கக் கடிதம் கேட்க எந்தச் சுப்பாவுக்கும் தைரியம் வரவில்லை.

இதற்கு நடுவில் 2025இல் இன்னொரு வேடிக்கை. எவரெஸ்டுக்கு விலை ஏற்றிய அதே அரசு, மேற்கே கர்ணாலி, சுதூர்பஸ்சிம் மாகாணங்களில், அபி, சைபால் மலைகள் பக்கமாக, 97 சிகரங்களுக்குக் கட்டணமே இல்லை என்று அறிவித்தது. இரண்டு வருஷத்துக்கு முழுக்க இலவசம். கூட்டமில்லை, கயிற்று வரிசையில்லை. ஆனால் நல்ல சாலையும் கிடையாது, பேர் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியவும் தெரியாது.

"யாராவது கேட்கிறார்களா, பாபு?" என்றேன்.

"நேற்றுகூட ஒருத்தர் போன் பண்ணினார், அங்கிள். 97ஐயும் பட்டியல் போட்டு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்."

"பரவாயில்லையே. எதைத் தேர்ந்தெடுத்தார்?"

"பட்டியலை முழுக்கப் படித்துவிட்டு, இதில் எவரெஸ்ட் எத்தனாவது நம்பர் என்று கேட்கிறார்."